ஒருமுறையும் விழாதவள்

எங்கள் எஸ்டேட் ஆபீஸ் வாசலிலிருந்து காப்பி உலர்த்தும் களத்தின் மூலை வரை என் நடையில் நூற்று நாற்பத்திரண்டு அடி. மேஸ்திரி நடந்தால் நூற்று இருபத்தாறு. அவர் காலை அகட்டிப் போடுகிறவர். அவள் நடந்தால் நூற்றுப் பதினெட்டு. என் தோள் உயரம்கூட இல்லாதவள், தலையில் சாக்கு வேறு இருக்கும். இது எப்படி என்று பல நாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பிடிபட்டது. நாங்கள் எல்லோரும் கொய்யா மரத்தைச் சுற்றிப் போகிற பாதையில் போனோம். அவள் மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவிலுள்ள சந்தில், ஒரு தோளை மட்டும் தாழ்த்தி, நடையின் வேகம் குறையாமல் நுழைந்து போனாள். அந்த எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தேன். அந்தச் சந்து வழியாக ஒரு நாளும் போகத் தோன்றவில்லை.

ஆள்வரவு எழுதும் மஸ்டர் நோட்டில் அவளுக்குப் பெயர் உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. களத்தில் ஒன்பது பெண்கள் வேலை செய்தார்கள். ஒன்பது பேரில் இவளை மட்டும்தான் எல்லோரும் களத்துக்காரி என்றார்கள். செம்மநத்தத்திலிருந்து விடியும் முன்பே நடந்து வருவாள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, முழங்கைவரை மடித்த கை. வயது முப்பது இருக்கும். அவளுக்கே சரியாகத் தெரியாது.

தேவையில்லாமல் ஒரு அசைவு அவளிடம் இருக்காது. மற்றப் பெண்கள் காப்பியைக் கிளறும்போது கிளறுபலகையைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். அவள் தூக்கமாட்டாள், இழுத்துக்கொண்டே போவாள். ஒரு வரிசைக்கு மற்றவர்கள் நாற்பது இழுப்பு என்றால் அவளுக்கு இருபத்தாறு. பேச்சும் அப்படித்தான். யாராவது எதையாவது அதிகப்படியாகச் செய்யச் சொன்னால், "சும்மா எதுக்குங்க?" என்பாள். அதற்குமேல் பேச்சு கிடையாது.

"இவ கண்ணாலத்துக்கே சுத்துவழியில வரலீங்க, குறுக்கால உளுந்துதான் வந்தா," என்று ஒரு கிழவி கேலி செய்வாள்.

"வந்து என்ன கண்டேன், திரும்பிப் போறதுக்கும் அதே வழிதான்," என்பாள் இவள். அவள் கணவனைப் பற்றி நான் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

சக்கரப் பலகை வந்த கதையைச் சொல்ல வேண்டும். முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு எண்பதுகளின் நடுவில் திரும்பி வந்தபோது பெட்டிகளோடு ஒரு ஸ்கேட்போர்டும் கொண்டுவந்தார். ஒரு கை நீளப் பலகை, அடியில் நான்கு சிவப்புச் சக்கரம். பங்களாவுக்குப் போகும் சரிவில் மூன்று நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் முழங்கை உடைந்தது. பலகை உரக் குடோனுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த சீசனில் அதைக் கண்டெடுத்தவள் இவள்தான். களத்திலிருந்து குடோனுக்குச் சாக்கு தள்ள அதைவிட நல்ல சாமான் இல்லை. மூட்டையைப் படுக்கப் போட்டு ஒரு காலால் தள்ளிக்கொண்டு போவாள். திரும்பி வரும்போது பலகை காலி. காலிப் பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பானேன் என்று அதன் மேலேயே நின்றுகொண்டு வந்தாள். ஓட்டக் கற்றது இப்படித்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வருஷக்கணக்கில் உருளும் காப்பிப் பழத்தின் மேல் வெறுங்காலோடு நடந்த கால்கள் அவளுடையவை. பாதத்துக்கு அடியில் ஒன்று உருண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவற்றுக்கு முன்பே தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

நான் எண்ணினேன். அந்த சீசனில் நான் பார்த்தவரை நானூறுக்கு மேல் தடவை அப்படி வந்தாள். ஒருமுறையும் விழவில்லை. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வித்தையாகவே படவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற பொம்பளை போல நிற்பாள், தரைதான் நகர்ந்துபோவது போலிருக்கும்.

ஒரு பிப்ரவரி மத்தியானம் எதிர்பாராமல் மழை வந்தது. காப்பிக் கொட்டை முழுவதும் களத்தில் கிடக்கிறது. பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு தார்ப்பாயை ஆளுக்கொரு மூலையில் இழுத்தார்கள். பாய் மடிந்து சிக்கிக்கொண்டது. அவள் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு பலகையில் ஏறினாள். இரண்டு உந்து. களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவள் ஓட, அவளுக்குப் பின்னால் பாய் தானாக விரிந்துகொண்டே போனது. போய் இறங்கி, முனையில் ஒரு கல்லை வைத்துவிட்டு, அடுத்த பாய்க்குத் திரும்பினாள். ஐந்து பாய்கள். நனைந்தது இருபது மூட்டைக் காப்பிகூட இருக்காது.

முதலாளியின் மகன் அன்று லீவில் வந்து ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து அப்படியே நின்றார். "ரைட்டர், இந்தம்மாவை எங்க வெச்சிருந்தீங்க இத்தனை நாளா?" என்றார். அவருக்கு மெட்ராஸில் ஒரு சிநேகிதர் இருந்தார், கான்வாஸ் ஷூ செய்கிற ஒரு கம்பெனியில் விளம்பர வேலை பார்ப்பவர். அந்தக் கம்பெனி அப்போது ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. ஐந்து பேரைச் சம்பளத்துக்கு எடுத்து, அவர்கள் கம்பெனி ஷூவைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் பொருட்காட்சிகளில் ஸ்கேட்போர்டு ஓட்டிக் காட்ட வேண்டும். நான்கு பேர் கிடைத்துவிட்டார்கள். ஐந்தாவது ஆளை ஒரு போட்டி வைத்து எடுக்க அந்த சிநேகிதர் எங்கள் ஏற்காட்டுக்கு வருவதாக மார்ச்சில் கடிதம் வந்தது.

அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சம்பளம் பன்னெண்டு மாசமுமுங்களா?"

"பன்னெண்டு மாசமும்."

அவள் களத்துக்குத் திரும்பிப் போனாள். களத்து வேலை வருஷத்தில் நாலு மாதம். பிறகு சேலத்துக்கு இறங்கிக் கட்டடத்துக்கு மண் சுமப்பாள். எட்டு மாதம் யார் வீட்டுத் தாழ்வாரத்திலோ சாக்கை விரித்துப் படுக்கை. அடுத்த நாள் காலையில் வந்து, "நானு வர்றனுங்க, எழுதிக்குங்க," என்றாள். அவள் தனக்காக என்னிடம் ஒன்று வேண்டுமென்று கேட்டது அதுதான் முதல்தடவை.

ஷூ முன்கூட்டியே பார்சலில் வந்தது, வெள்ளைவெளேரென்று. முதல் நாள் போட்டுக்கொண்டு உரக் குடோனுக்குப் பின்னாலிருக்கும் ரோட்டில் ஓட்டிப் பார்த்தாள். இறங்கி வந்து, "காலுக்குக் கண்ணைக் கட்டி உட்ட மாரி இருக்குதுங்க," என்றாள். ஆனாலும் விடவில்லை. பதினோரு நாள், வேலை முடிந்தபிறகு ஒரு மணி நேரம். குதிகாலில் இரண்டு இடத்தில் கொப்புளம். பதினோராவது நாள் ஷூ இருப்பதே தெரியாத மாதிரி ஓட்டினாள்.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. "கொஞ்சம் கையைத் தூக்கி ஓட்டம்மா, பாக்கறவங்களுக்கு நல்லா இருக்கும்," என்றேன்.

"சும்மா எதுக்குங்க கையத் தூக்கோணும்? பறக்கறதுக்குங்களா?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். "ரைட்டரய்யா, அதுகிட்ட போயி ஸ்டைல் காட்டச் சொல்றீங்களே. எருமைக்குக் கொலுசு போட்ட கதைதான்."

"எரும பால் குடுக்குதில்லீங்க மேஸ்திரி, அது போதாதுங்களா?" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

போட்டிக்கு முந்தின நாள் அந்த சிநேகிதர், கம்பெனிக்காரர், வந்து சேர்ந்தார். இளவயது, நல்ல மாதிரி, எல்லோரையும் சார் போட்டுத்தான் பேசினார். மார்க் எப்படி என்று அன்று சாயங்காலம் பங்களாவில் பேச்சு வந்தது. திறமைக்கு ஐம்பது, ஸ்டைலுக்கு ஐம்பது என்றார் அவர். விழுவதை எண்ணித் திறமைக்கு மார்க் போடுவது என் வேலை. ஒரு விழுதலுக்கு இரண்டு மார்க் கழிக்க வேண்டும். ஸ்டைல் அவர் பொறுப்பு. நான் சும்மா இருக்கவில்லை. ஸ்டைல் என்பதை எண்ண முடியாது, எண்ண முடியாததற்கு எப்படி மார்க் போடுவீர்கள், நூறையும் திறமைக்கே வைத்துவிடுங்கள் என்று வாதாடினேன்.

"ரைட்டர் சார், விழாம ஓட்டறதைப் பாக்க யார் டிக்கெட் வாங்கிட்டு வருவாங்க? உங்க ஊர் பஸ்கூட விழாமத்தான் போகுது."

"இருபது கொண்டை ஊசி வளைவு சார். விழாம போறது அவ்வளவு சுலபமில்ல."

"சுலபமில்லதான். ஆனா உள்ள உட்கார்ந்திருக்கிறவங்க தூங்கறாங்களே!"

முதலாளி சத்தமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும் என் வேலையைச் செய்தேன். விதிகளைத் தமிழில் எழுதி, ஆறு போட்டியாளர்களையும் ஆபீஸ் வாசலில் நிற்கவைத்து உரக்கப் படித்தேன். முதல் விதி, கம்பெனி ஷூ அணிந்து ஓட்ட வேண்டும். நான்தான் படித்தேன். என் கையெழுத்துதான்.

போட்டிக்கு ஏற்காட்டில் வழவழப்பான சிமெண்ட் தரை வேறு கிடைக்காததால் எங்கள் களத்தையே கேட்டிருந்தார்கள். சீசன் முடிவு, களம் காலி. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காப்பிக் கொட்டை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். மிதித்த சேறு, சாணம், மண்ணெண்ணெய் எல்லாம் கொட்டையில் ஏறி, வாங்குகிறவன் ஒரு மூக்கு இழுத்துத் தள்ளிவிடுவான். அதனால் களத்தில் யாரும் செருப்போடு கால் வைக்கக் கூடாது. முதலாளியே கழற்றிவிட்டுத்தான் வருவார். களம் காலியாக இருந்தாலும் அதுதான் வழக்கம். அந்த முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு நாளைக்கு ஐந்து தடவையாவது ஜன்னலிலிருந்து, "செருப்பு!" என்று கத்தியிருப்பேன்.

அன்று களத்தில் எட்டுக் கூடைகளைக் கவிழ்த்து வைத்திருந்தோம். கூடைகளுக்கு நடுவில் புகுந்து பத்துச் சுற்று ஓட்ட வேண்டும். கம்பெனிக்காரரும் முதலாளியும் எதிர்க் கோடியில் நாற்காலியில் இருந்தார்கள். நான் நுழைகிற மூலையில் முக்காலி போட்டு, மடியில் அட்டையும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தேன், வெறுங்காலோடு. முதல் ஆள் ஷூவோடு களத்தில் இறங்கியபோது எனக்குப் பல் கூசியது. விதி அப்படி, அடக்கிக்கொண்டேன். இரண்டாவது, மூன்றாவது. ஐந்து பேர், பத்து ஷூக்கள். எல்லோரும் வெளியாட்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஐந்தாவது ஆள் படகுத் துறையில் வேலை பார்த்த பையன், இருபத்திரண்டு வயது. லாரிப் பட்டறை பேரிங்கில் தானே பலகை செய்து பழகினவன். சிவப்புச் சட்டை, நெற்றியில் விழும் முடி. கையை விரித்தான், குனிந்தான், எகிறினான், ஒற்றைக் காலில் சுற்றினான். ஏழு தடவை விழுந்தான். விழுந்தபோதெல்லாம் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு கூட்டத்துக்கு ஒரு சலாம் போட்டான். கூட்டம் கை தட்டியது. வாழவந்தியிலிருந்து வந்த டிரைவர்கள் விசில் அடித்தார்கள். நான் ஏழு கோடு போட்டேன்.

ஆறாவது அவள். பலகையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள், காலில் வெள்ளை ஷூ. களத்தின் விளிம்பில் ஒரு காலை எடுத்து வைத்தாள். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏ புள்ள, களத்துல செருப்பா?"

ஐந்து பேருக்கு அடக்கியது ஆறாவதில் வெளியே வந்துவிட்டது. மற்றவர்கள் வெளியாட்கள், இவள் எங்கள் ஆள். அவள் காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள். ஒரு நொடி என்னைப் பார்த்தாள். குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினாள். நான் பேப்பரில் ஆறு என்று எழுதிக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைக்கவில்லை.

பத்துச் சுற்று. எட்டுக் கூடை. ஒரு கூடையும் அசையவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டே உந்து, சொல்லிவைத்த மாதிரி ஒரே இடத்தில். இடுப்பு கொஞ்சம் சாயும், கூடை பின்னால் போய்விடும், அவ்வளவுதான். கூட்டம் கை தட்டவில்லை. ஆனால் நாலாவது சுற்றிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. கம்பெனிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் முதலாளியிடம் சொன்னதைப் பிறகு கேட்டேன். "சார், இதுதான் ஸ்டைல். இது அந்தம்மாவுக்கே தெரியலை, அதுதான் இன்னும் ஸ்டைல்." என் கட்டம் காலியாக இருந்தது. ஐம்பதுக்கு ஐம்பது என்று எழுதினேன்.

கம்பெனிக்காரர் சிரித்த முகத்தோடு களத்தைத் தாண்டி வந்தார். வந்தவர் அவள் காலைப் பார்த்து நின்றார்.

"ஷூ எங்கம்மா?"

அவள் ஓரத்தில் வைத்திருந்ததைக் கையால் காட்டினாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ரைட்டர் சார், ஷூ போடணும்னு ரூலைப் படிச்சுக் காட்டினீங்கல்ல?"

"படிச்சேன் சார்," என்றேன். அது உண்மை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழற்றச் சொன்னது நான்தான் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முப்பது பேர் சுற்றி நின்றார்கள், முதலாளி இருந்தார். கம்பெனிக்காரர் அவள் பக்கம் திரும்பி, "ஏம்மா கழட்டினே?" என்று கேட்டார்.

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, "பழக்கமுங்க," என்றாள்.

கம்பெனிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். "நான் விக்கிறதே காலுல இருக்கிறதைத்தானேம்மா," என்று வருத்தத்தோடுதான் சொன்னார். முதலாளி சொன்னதும், ஷூ போட்டு இன்னொரு தடவை ஓட்டட்டும் என்று உடனே ஒத்துக்கொண்டார்.

அவள் உட்கார்ந்து ஷூவைப் போட்டாள். எழுந்திருக்கும் முன் சேலைத் தலைப்பால் இரண்டு அடிப்பாகத்தையும் துடைத்தாள். களத்தில் இறங்கினாள். மறுபடி பத்துச் சுற்று, ஒரு கூடையும் அசையவில்லை, ஒருமுறையும் விழவில்லை. ஆனால் முகம் குனிந்தே இருந்தது. ஒவ்வொரு உந்துக்குப் பிறகும் திரும்பிச் சிமெண்டைப் பார்த்தாள், தடம் விழுந்திருக்கிறதா என்று. குதிகாலைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நின்றாள். எப்போதும் இரண்டாக இருந்த உந்து மூன்றாயிற்று, நான்காயிற்று. பதினோரு நாள் பழகியதெல்லாம் ரோட்டில் பழகியது. இது களம்.

"பாருங்க சார்," என்றார் கம்பெனிக்காரர் மெல்ல. "யார்கிட்டயோ மன்னிப்புக் கேட்டுக்கிட்டே ஓட்டறா."

நானும் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். எண்ண முடியாதது என்று முந்தின நாள் வாதாடினேனே, அது என் கண் முன்னால் இருந்து, என் கண் முன்னாலேயே போயிற்று. அவள் யாரிடம் மன்னிப்புக் கேட்டாள் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். என் பேப்பரில் அதற்குக் கட்டம் இல்லை.

ஸ்டைலுக்கு அவளுக்கு இருபது போட்டார். மொத்தம் எழுபது. படகுத் துறைப் பையனுக்குத் திறமையில் முப்பத்தாறு, ஸ்டைலில் நாற்பத்தைந்து, மொத்தம் எண்பத்தொன்று. பையன் அவர் ஜீப்பிலேயே அன்று மெட்ராஸ் போனான்.

அதற்குப் பிறகு இரண்டு சீசன் அவள் எங்கள் களத்தில் வேலை செய்தாள். பலகையில் ஏறவில்லை. மூட்டையைத் தலையிலேயே சுமந்தாள். மூன்றாவது சீசனுக்கு வரவில்லை. சேலத்திலேயே தங்கிவிட்டாள் என்று மேஸ்திரி சொன்னார். இப்போது டிவியில் இந்த விளையாட்டைக் காட்டுகிறார்கள். ஐந்து நடுவர்கள், புள்ளி வைத்து மார்க், திறமையும் ஸ்டைலும் கலந்து. எது பெரிது என்று வீட்டில் விவாதம் செய்கிறார்கள். நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். என்னிடம் யாராவது கேட்டால் சொல்ல இப்போது ஒன்றுமில்லை.

போட்டி நடந்த அன்று ஐந்து மணிக்கு அவள் ஆபீஸுக்கு வந்தாள், வெறுங்காலோடு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு.

"இத ஆருகிட்டீங்க குடுக்கோணும்?"

"நீயே வெச்சுக்கச் சொல்லிட்டாரு."

ஷூவை மேஜைமேல் வைக்கலாமா என்று யோசித்துத் தரையில் வைத்தாள். போகவில்லை. என் மேஜைமேல் கிடந்த மார்க் பேப்பரைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"எத்தன தடவீங்க உளுந்தேன்?"

"ஒரு தடவையும் இல்ல."

"ரெண்டாவுது ஓட்டத்துல?"

"அதுலயும் இல்ல."

"அந்தப் பையன்?"

"ஏழு."

கேலியாகக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அடுத்த தடவைக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

"நானும் உளுந்திருக்கோணுங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் ஷூவைக் கழற்றச் சொன்னது என் வாய்தான் என்று சொல்லவும் வரவில்லை. அவள் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள். நான் பேப்பரை இழுத்து, பேனாவைத் திறந்து, மேலிருந்து மறுபடியும் கூட்ட ஆரம்பித்தேன்.